காற்றுக்கு ஒரு நீதி, கரிமருந்துக்கு ஒரு நீதி

உளுந்தூர்பேட்டை என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? சென்னையிலிருந்து திருச்சிக்குக் காரில் போகிறவர்களுக்கு டோல்கேட். சேலத்துக்குப் போகிறவர்களுக்கு, பைபாஸை விட்டுத் திரும்புகிற இடம். சித்திரை மாதத்தில் பக்கத்துக் கூவாகம், கூத்தாண்டவர் திருவிழா. காக்கிச் சட்டைக்காரர்களைக் கேட்டால், தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் பத்தாவது பட்டாலியன் என்பார்கள். துப்பாக்கியை எப்படிப் பிடிப்பது, எப்படிக் கீழே வைப்பது என்று முறையாகத் தெரிந்த ஆட்கள் கூட்டமாக வாழும் ஊர்.

அந்தப் பட்டாலியன் துப்பாக்கியைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அதற்கு நம்பர் உண்டு, ரிஜிஸ்டர் உண்டு, தோட்டாவுக்குக் கணக்கு உண்டு. இந்த வாரம் நான் பேச வந்தது, அதே கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கும் வேறு இரண்டு துப்பாக்கிகளைப் பற்றி.

ஒன்று, ஊருக்குள் இருக்கிறது. பெயர் ஏர் கன். அட்டைப்பெட்டியில் பார்சலாக வருகிறது. வீட்டு மொட்டை மாடியில், அம்மா வடாம் காயப்போடும் இடத்துக்குப் பக்கத்தில் நின்று பிள்ளை சுட்டுப் பழகுகிறான். முதல் வாரம் காலி பாட்டில். இரண்டாவது வாரம் தென்னை மரத்துக் குரும்பை. மூன்றாவது வாரம் கரண்ட் கம்பியில் உட்கார்ந்திருக்கும் புறா. கேட்டால், "லைசென்ஸே வேணாம் சார், சட்டப்படி ஃப்ரீ" என்கிறான்.

இன்னொன்று, மேற்கே கல்வராயன் மலையில் இருக்கிறது. பெயர் நாட்டுத் துப்பாக்கி. குழாய் வழியாகக் கரிமருந்து, நார், பால்ரஸ் குண்டு என்று ஒவ்வொன்றாகப் போட்டு இடித்து நிரப்பிச் சுடுகிற ஒற்றைக்குழல். மரவள்ளியும் மக்காச்சோளமும் சாமையும் போட்டிருக்கிற மலையாளிப் பழங்குடிக் குடும்பத்தின் கூரைச் செருகலில் இருக்கும். அல்லது போலீஸ் வருகிறது என்று தெரிந்து புதரில் கிடக்கும். செய்தித்தாளில் நீங்களே அடிக்கடி பார்த்திருப்பீர்கள். வரிசையாகத் தரையில் அடுக்கிய துப்பாக்கிகள், பின்னால் வரிசையாக நிற்கும் போலீஸார். வருஷம் மாறும், இன்ஸ்பெக்டர் மாறுவார், போட்டோ மட்டும் மாறாது.

முதல் துப்பாக்கியைப் பொழுதுபோக்கு என்கிறோம். இரண்டாவது துப்பாக்கியைக் குற்றம் என்கிறோம். இரண்டுமே அரைகுறை உண்மை. இந்த அரைகுறையால் ஊரில் ஒரு பக்கம் கண் போகிறது, மலையில் இன்னொரு பக்கம் வாழ்க்கை போகிறது.

ஏர் கன் ஆசாமியிடமிருந்து ஆரம்பிப்போம். ஏனென்றால் இதைப் படிக்கிற உங்கள் வீட்டில் அவர் இருக்க வாய்ப்பு அதிகம்.

"லைசென்ஸ் வேண்டாம்" என்பது எங்கிருந்து வருகிறது? 2016-ம் ஆண்டின் ஆயுத விதிகள் ஒரு கோடு போட்டிருக்கின்றன. குழலின் துவாரம் 0.177 அங்குலம், அதாவது நான்கரை மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. குண்டு வெளியே வரும்போது அதன் ஆற்றல் 20 ஜூலைத் தாண்டக் கூடாது. இந்த இரண்டுக்குள் இருந்தால் லைசென்ஸ் தேவையில்லை. இரண்டில் ஒன்று தாண்டினாலும் தேவை. கடைக்காரர் "பாயின்ட் டூ டூ இருக்கு சார், பவர் ஜாஸ்தி" என்று கண்ணடித்தால், அவர் உங்களுக்கு விற்பது பவரை அல்ல, வழக்கை.

சரி, 20 ஜூல் என்றால் என்ன? நான் பி.காம். படித்தவன், இயற்பியல் எனக்கு எட்டாக் கனி. ஆனால் கணக்கு வரும். அரை கிராம் எடையுள்ள ஈயக் குண்டுக்கு 20 ஜூல் ஆற்றல் கொடுத்தால், அது வினாடிக்குச் சுமார் 280 மீட்டர் வேகத்தில் போகும். மணிக்கு ஆயிரம் கிலோமீட்டர். சட்டம் 'லைசென்ஸ் வேண்டாம்' என்று சொல்கிற எல்லையே இதுதான். சாதாரண ஏர் கன்னுக்கு இதில் பாதிக்கும் குறைவான ஆற்றல்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் ஒரு கண்ணைப் பறிக்க அது தாராளமாகப் போதும். 'பொம்மைத் துப்பாக்கி' என்று சொல்லாதீர்கள், தயவுசெய்து.

அடுத்தது, லைசென்ஸ் வேண்டாம் என்றால் சட்டமே இல்லை என்று நினைக்கிற அறியாமை. சைக்கிளுக்கும் லைசென்ஸ் கிடையாது. அதற்காக, சைக்கிளால் ஒரு கிழவியை இடித்துத் தள்ளலாம் என்று யாராவது சொல்வார்களா?

ஏர் கன்னால் புறாவைச் சுடலாமா? காட்டில் வாழும் புறா, கவுதாரி, காடை, முயல், எல்லாமே 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. அந்தச் சட்டம் நீங்கள் எந்த ஆயுதத்தால் கொன்றீர்கள் என்று கேட்பதில்லை. கவண்கல்லாக இருந்தாலும் ஏர் கன்னாக இருந்தாலும் வேட்டை வேட்டைதான். 2022-ம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, சாதாரணமாக மூன்று வருஷம் வரை ஜெயில், ஒரு லட்சம் வரை அபராதம். மயில் என்றால் அது முதல் அட்டவணை. குறைந்தது மூன்று வருஷம், அதிகபட்சம் ஏழு. துப்பாக்கியும் அதை வைத்துப்போன வண்டியும் சர்க்கார் சொத்தாகிவிடும்.

தெருநாய் குரைக்கிறதே என்று சுட்டால்? பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-வது பிரிவு. விலங்கைக் கொன்றாலோ ஊனமாக்கினாலோ ஐந்து வருஷம் வரை. பக்கத்து வீட்டுப் பையன் மேல் பட்டுவிட்டால்? கவனக்குறைவால் உயிருக்கு ஆபத்து விளைவித்ததற்கு 125-வது பிரிவு. "தெரியாம பட்டுடுச்சு" என்பதுதான் அந்தக் குற்றத்தின் வரையறையே. அதைச் சொல்லித் தப்பிக்க முடியாது.

ஏர் கன் வைத்திருப்பதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. வைத்திருப்பவர் துப்பாக்கிக்காரராக நடந்துகொள்ள வேண்டும் என்கிறேன். பட்டாலியனில் புதிதாகச் சேர்ந்த பையனுக்கு முதல் நாளே சொல்லித்தரும் விஷயங்கள், ஏர் கன் வாங்குபவருக்குப் பெட்டியில் ஒரு துண்டுச் சீட்டாகக்கூட ஏறுவதில்லை. ஆகவே இங்கேயே சொல்லிவிடுகிறேன். கத்தரித்து பீரோவில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

குண்டு இல்லை என்று நூறு சதவிகிதம் தெரிந்தாலும், இருக்கிறது என்றே நினைத்துக் கையாளுங்கள். சுடத் தயாராகும்வரை விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும். குழலின் வாய் எந்த மனிதரையும் ஒரு வினாடிகூடப் பார்க்கக் கூடாது, விளையாட்டுக்கும் கூடாது. குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடாதீர்கள். மொட்டை மாடியில் குறிக்குப் பின்னால் வானம் இருந்தால், அந்த வானத்துக்குக் கீழே அடுத்த தெரு இருக்கிறது. துணி திணித்த மரப்பெட்டி, மணல் மூட்டை என்று குண்டை விழுங்குகிற ஏதாவது பின்னால் இருக்க வேண்டும். செங்கல் சுவரும் இரும்புத் தகடும் குண்டைத் திருப்பி அனுப்பும், பெறுநர் முகவரி உங்கள் முகம். எஃகு உருண்டை என்றால் இன்னும் மோசம். சுடுகிறவரும் பார்க்கிறவரும் கண்ணாடி போட வேண்டும். குழலை மடக்கிக் குண்டு போடும் துப்பாக்கியில், போடும் நேரம் முழுக்க இன்னொரு கை குழலைப் பிடித்தே இருக்கட்டும். விட்டால் ஸ்பிரிங் விரலை நறுக்கும்.

ஸ்பிரிங் துப்பாக்கியைக் குண்டு இல்லாமல் சுட்டால் உள்ளே இருக்கும் பிஸ்டன் மோதிக் கெடும். தேங்காய் எண்ணெயையும் மெஷின் எண்ணெயையும் காற்றறைக்குள் ஊற்றினால், அழுத்தத்தில் எண்ணெய் தீப்பிடித்து டமார் என்று வெடிக்கும். 'பவர் ஏறிடுச்சு' என்று குதிக்காதீர்கள், துப்பாக்கியின் ஆயுள் இறங்கிக்கொண்டிருக்கிறது. குண்டு ஈயம். வாயில் கவ்விக்கொண்டு சுடுகிற ஸ்டைல் வேண்டாம். முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். எடுத்துப்போகும்போது உறையில் போட்டு, பில்லையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். பின்சீட்டில் திறந்தபடி போட்டுக்கொண்டு டோல்கேட்டில் நின்றால், பார்க்கிற போலீஸ்காரருக்கு அது ஏர் கன்னா ஏ.கே.47-ஆ என்று ஆராய்ச்சி செய்ய நேரம் இருக்காது. வீட்டில் பூட்டி வையுங்கள். சாவி குழந்தைக்குத் தெரியாத இடத்தில் இருக்கட்டும்.

முறையாகப் பயிற்சி பெற்றவர்கள் சுடும் இடத்திலேயே விபரீதம் நடக்கும். 2021-ம் ஆண்டு டிசம்பர் 30-ம் தேதி புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையில், மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினர் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு குண்டு வெளியே போய் 11 வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்தது. சில நாட்களில் அந்தப் பிள்ளை இறந்துபோனான். அது பெரிய துப்பாக்கி, உங்களுடையது சின்னது. ஆனால் பாடம் ஒன்றுதான்: குறி தவறிய குண்டும் எங்கேயோ போய்ச் சேரத்தான் செய்யும்.

இவ்வளவு ஆசையாகச் சுடுகிற பிள்ளைக்கு ஒரு நல்ல வழியும் இருக்கிறது. பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டி. நடுப்புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர். குண்டூசி முனை மாதிரி. அதில்தான் 2008-ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா, ஒலிம்பிக்கில் இந்தியாவின் முதல் தனிநபர் தங்கத்தை வாங்கினார். 2012-ல் லண்டனில் வெண்கலம் வாங்கிய ககன் நரங் பிறந்தது சென்னையில். உலக அளவில் முதலிடம் வரை போன இளவேனில் வாலறிவன் பிறந்தது, உளுந்தூர்பேட்டைக்குப் பக்கத்து மாவட்டமான கடலூரில். வளர்ந்ததும் துப்பாக்கி பிடித்ததும் குஜராத்தில். இங்கேயே இருந்திருந்தால் அந்தப் பெண் எங்கே போய்ச் சுட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பத்து மீட்டர் அரங்கத்துக்கு ஸ்டேடியம் தேவையில்லை, ஒரு கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டு ஹால் அளவு போதும். அந்த ஹாலைக் கட்டித்தராமல், பிள்ளை புறா சுடுகிறான் என்று மட்டும் புலம்பினால் எப்படி?

இப்போது மலைக்கு ஏறுவோம்.

கல்வராயன் மலையை மூன்று ஜாகீர்தார்கள் ஆண்டார்கள். வெள்ளைக்காரன் 1947-ல் போனான், ஜாகீர்தார்களிடமிருந்து அரசு மலையை எடுத்துக்கொண்டது 1976-ல். சுதந்திரம் அந்த மலை ஏற 29 வருஷம் பிடித்திருக்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் பலியான பிறகுதான், கல்வராயன் மலை மக்களின் நிலைமையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. சாராயம், துப்பாக்கி என்று ரெய்டுக்கு மட்டும் ஞாபகம் வருகிற மலை அது. ரோடு, ஆஸ்பத்திரி, பட்டா என்றால் மறந்துபோகும்.

அங்கே காட்டுப்பன்றி ஒரே ராத்திரியில் மரவள்ளியைத் தோண்டிப் போட்டுவிட்டுப் போகிறது. முள்ளம்பன்றி மிச்சத்தை முடிக்கிறது. விவசாயி என்ன செய்வான்? தகரத்தைத் தட்டுவான். விடிய விடியக் காவல் இருப்பான். அப்புறம் துப்பாக்கி எடுப்பான்.

அந்தத் துப்பாக்கிக்குச் சட்டத்தில் இடமே இல்லை என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவை எடுத்துப் படியுங்கள். பயிரைக் காப்பாற்ற உண்மையாகவே தேவைப்படுகிற குடிமகனுக்கு, குழாய் வழியாக மருந்து நிரப்பும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் 'வழங்க வேண்டும்' என்றே இருக்கிறது. 'வழங்கலாம்' என்று இல்லை. விண்ணப்பித்தவரைப் பற்றி வேறு சிக்கல் இல்லை என்றால் தர வேண்டும். நாட்டில் எத்தனையோ வகைத் துப்பாக்கி இருக்க, மலைக்காரன் கையில் இருக்கும் அதே வகையைப் பெயர் சொல்லி எழுதி வைத்திருக்கிறது நாடாளுமன்றம்.

இன்னும் இருக்கிறது. 14-வது பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக யாருக்கும் லைசென்ஸை மறுக்கக் கூடாது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். விண்ணப்பித்தவர் கேட்டால், பொதுநலனுக்குப் பாதகம் என்று கருதினால் ஒழிய, காரணத்தைக் கொடுக்க வேண்டும். அப்பீலுக்கும் வழி இருக்கிறது. 2016-ம் ஆண்டு விதிகள், போலீஸ் அறிக்கைக்கு 30 நாள், அது வந்தபின் கலெக்டர் முடிவெடுக்க 60 நாள் என்று காலக்கெடுவும் வைத்திருக்கின்றன.

காகிதத்தில் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். நடைமுறையில்? உண்மையான பயிர்ப் பாதுகாப்பு என்று நிரூபிக்க, பயிர் உன்னுடையது என்று காட்ட வேண்டும். அதற்குப் பட்டா வேண்டும். தலைமுறை தலைமுறையாக உழுதும் பட்டா கைக்கு வராத மனிதர்கள் வாழும் மலை அது. பட்டா இல்லாததால் லைசென்ஸ் இல்லை. லைசென்ஸ் இல்லாததால் குற்றவாளி. அதற்குத் தண்டனை, 2019-ம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது இரண்டு வருஷம், அதிகபட்சம் ஐந்து. துப்பாக்கியைச் செய்துகொடுத்த பட்டறைக்காரருக்கு ஏழு வருஷத்திலிருந்து ஆயுள் வரை.

1878-ல் லிட்டன் பிரபு காலத்தில் ஓர் ஆயுதச் சட்டம் போட்டார்கள். இந்தியனுக்கு லைசென்ஸ் வேண்டும், வெள்ளைக்காரனுக்கு விலக்கு. அந்த அவமானத்தை எதிர்த்து நம் தலைவர்கள் பேசினார்கள். 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தில், ஒழுங்குவிதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருப்பது குடிமகனின் உரிமை என்றுகூட எழுதினார்கள். இன்று விலக்கு தோலின் நிறத்துக்கு இல்லை. பார்சல் வந்து சேருகிற முகவரிக்கு இருக்கிறது.

"அப்போ மலையிலே ஆளுக்கொரு துப்பாக்கி கொடுக்கச் சொல்றியா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. அந்தத் துப்பாக்கியால் வேட்டையும் நடக்கிறது. குடும்பச் சண்டையில் உயிரும் போகிறது. இருட்டில் பன்றி என்று நினைத்து மனிதனைச் சுட்ட கதைகளும் உண்டு. 2023-ல் உச்ச நீதிமன்றமும், ஆயுதம் வைத்திருப்பது அமெரிக்காவைப் போல இங்கே அரசியல் சட்ட உரிமை அல்ல என்று சொல்லிவிட்டது. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நான் கேட்பது துப்பாக்கி அல்ல சார், ரிஜிஸ்டர். துப்பாக்கி அங்கே ஏற்கெனவே இருக்கிறது. நம்பர் இல்லாமல், யார் கையில் என்று தெரியாமல், வெடித்தால் சுடுகிறவன் முகத்திலேயே வெடிக்கிற குழாயோடு இருக்கிறது. லைசென்ஸ் என்பது பரிசு இல்லை, மூக்கணாங்கயிறு. லைசென்ஸ் வாங்கியவர் பாதுகாப்புப் பயிற்சி எடுக்க வேண்டும், புதுப்பிக்க வர வேண்டும், தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். லைசென்ஸ் இல்லாதவர் எந்தத் தேர்தலுக்கும் எதையும் ஒப்படைப்பதில்லை. கணக்கில் வராத சரக்குதான் கடையை முழுக வைக்கும் என்பது பி.காம். முதல் வருஷப் பாடம்.

லைசென்ஸ் கிடைத்தாலும் பன்றியைச் சுட்டுவிட முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வனவிலங்குச் சட்டம் தற்காப்புக்குக் கொன்றால் மன்னிக்கும், அது மனித உயிருக்கு மட்டும். பயிருக்காகக் கொல்ல அதிகாரியின் எழுத்து உத்தரவு வேண்டும். 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டமும் பழங்குடிகளுக்கு எத்தனையோ உரிமை கொடுத்துவிட்டு, வேட்டையை மட்டும் தெளிவாக விலக்கி வைத்திருக்கிறது. அதில் எனக்குச் சண்டை இல்லை. சத்தம் போட்டு விரட்டவாவது அந்தத் துப்பாக்கி உதவும்.

சண்டை இங்கேதான்: 2025 ஜனவரியில் தமிழக அரசு காட்டுப்பன்றிக்கு ஒரு திட்டம் அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை பன்றியைத் தொடக் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை, பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் போனால், பயிற்சி பெற்ற வனத்துறை ஊழியர்கள் சுடுவார்கள். உளுந்தூர்பேட்டைச் சமவெளியில் மணிலா போட்டவருக்கு இது ஆறுதல். கல்வராயன் மலையில் கொல்லைக்கு வேலியே காடுதான். அவருக்கு? மூன்று கிலோமீட்டர் தள்ளி அவர் எங்கே போய் விதைப்பார்? காட்டைப் பாதுகாக்க வேண்டும், சரி. அந்தப் பாதுகாப்புக்கான செலவை நாட்டிலேயே ஏழையான விவசாயியின் பெயரில் பற்று எழுதுவது எந்த ஊர்க் கணக்கு?

ஆகவே மூன்று கோரிக்கை வைக்கிறேன்.

ஏர் கன் விற்கும் ஒவ்வொரு பெட்டியிலும் வனவிலங்குச் சட்டமும் பாதுகாப்பு விதிகளும் தமிழில் அச்சடித்த சீட்டு இருக்கட்டும். ஒரு மணி நேரப் பயிற்சி இல்லாமல் விற்காதீர்கள். சொல்லித்தர ஆள் இல்லை என்று சாக்குச் சொல்லாதீர்கள். உளுந்தூர்பேட்டையில் ஒரு பட்டாலியனே இருக்கிறது.

மாவட்டத்துக்கு ஒரு பத்து மீட்டர் அரங்கம் கட்டுங்கள். அடுத்த இளவேனில் கடலூரில் பிறந்து, கடலூர்க்காரியாகவே சுடட்டும்.

கல்வராயன் மலையில் கலெக்டர் ஒரு முகாம் போடட்டும். 'துப்பாக்கியை ஒப்படைத்தால் வழக்கில்லை' என்ற பழைய பாட்டோடு நிறுத்தாமல், அதே மேஜையில் 13-வது பிரிவு விண்ணப்பத்தையும் வைக்கட்டும். பக்கத்து மேஜையில் பட்டா மனு. அதற்கடுத்த மேஜையில் பயிர்ச் சேத நிவாரணம். துப்பாக்கியைக் கொடுப்பவன் வெறுங்கையோடு மலையேறக் கூடாது. தகுதி இருந்தால் லைசென்ஸோடு, இல்லாவிட்டால் எழுத்தில் காரணத்தோடு, எப்படியும் சேதத்துக்கான பணத்தோடு போக வேண்டும்.

அப்படி ஒரு முகாம் நடந்தால் அன்றைக்கும் போட்டோ எடுங்கள். துப்பாக்கிகளைத் தரையில் அடுக்கிவிட்டு, போலீஸாருக்குப் பதிலாக அந்த விவசாயிகளைப் பின்னால் நிற்க வையுங்கள். முகத்தை மூடாமல்.